பீப்பாயின்மேல் எழுதிய சொல்

சேன்-குளோவிஸ்,
9 பிப்ரவரி 1958

அன்புள்ள தம்பி ஒனேசிமுக்கு,

அண்ணி எமெலின் எழுதுவது. என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. உன் இருமல் எப்படி? பூமிக்கு அடியில் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குளிர்காலம் தெரியுமா தெரியாதா என்று உன் அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்பது என்னிடம்தான், உன்னிடம் இல்லை.

நவம்பரில் நான் தந்தி கொடுத்தேன். நீ பூசைக்குப் பணம் அனுப்பினாய், வரவில்லை. அதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன் அண்ணன் அதேலார் படுத்துக் கிடக்கவில்லை. மேப்பிள் சாற்றைக் காய்ச்சும் பாகுக் கொட்டகையில் இந்த வசந்தத்துக்கான விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையையும் அடுக்கி முடித்திருந்தார். அதன்மேல் கையுறை இரண்டையும் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தபடி போய்விட்டார். கையுறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மர வியாபாரி ஒருவன் மூன்று தடவை வந்துவிட்டான். நம் மேப்பிள் காட்டை வெட்டி, பட்டணத்து வீடுகளுக்குத் தரைப்பலகை ஆக்கப் போகிறானாம். பாதி உன் பெயரில் இருப்பதால் உனக்கும் எழுதப் போகிறான். உன் பாதியை நீ கொடுத்தால் என் பாதி நிற்காது. தம்பி, ஒரே ஒரு வசந்தம் பொறுத்துக்கொள். அவர் அடுக்கிய விறகை நான் எரித்துப் பார்க்கிறேன். எனக்கு வடிகட்டத் தெரியும், டின்னில் அடைக்கத் தெரியும். காய்ச்சி இறக்கும் பதம் தெரியாது. அதை எப்போதும் நீங்கள் இரண்டு பேர்தான் பார்த்தீர்கள், பிறகு அவர் மட்டும். நீ எழுதிச் சொல்.

தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

எமெலின்


வால்-தோர்,
23 பிப்ரவரி 1958

அண்ணிக்கு,

இருமல் பரவாயில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மர வியாபாரியின் தாள் எனக்கும் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வசந்தம் முடியட்டும்.

மரத்தில் போன வருஷத்துத் துளையைத் தேடிப் பாருங்கள், தழும்பு தெரியும். அதற்கு ஒரு சாண் தள்ளித் துளை போடுங்கள், நேர் மேலேயோ நேர் கீழேயோ வேண்டாம். வெளியே பட்டை மூடிக்கொள்ளும், உள்ளே அந்த இடம் செத்ததுதான், சாறு வராது. இரவு உறைந்து பகலில் உருக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் குழாயை அடித்து என்ன புண்ணியம்? காற்று மேற்கிலிருந்து வந்தால் வாளிகளை மாட்டுங்கள்.

விறகு காய்ந்ததா என்று பாருங்கள். அவர் அடுக்கியது என்றால் காய்ந்துதான் இருக்கும்.

ஒனேசிம்


சேன்-குளோவிஸ்,
16 மார்ச் 1958

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மரம் மரமாகப் போனேன். பக்கத்துப் பண்ணை தோனா வருஷாவருஷம் உன் அண்ணனுக்குச் சாறு இழுத்த தன் குதிரையோடும் சறுக்கு வண்டியோடும் வந்தான். நான் ஒவ்வொரு மரத்திலும் நின்று கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். "அக்கா, குதிரை தானே மரத்துக்கு மரம் நிக்குது. அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?" என்று சிரித்தான். குதிரை உண்மையிலேயே நின்றது தம்பி. பெரிய பாறைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அங்கேதான் உன் அண்ணன் புகையிலையைப் பற்றவைப்பார்.

எண்ணூறு வாளி மாட்டினோம். வியாழக்கிழமை முதல் சாறு. முதல் கொப்பரையை நான் கெடுத்துவிட்டேன். நுரை பொங்காமல் இருக்க மேலே ஒரு துண்டுப் பன்றிக்கொழுப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று தெரியும். கையில் கிடைத்ததைக் கட்டினேன். அது உப்புக் கொழுப்பு இல்லை, புகை போட்ட கொழுப்பு. பாகு முழுக்கப் புகையிறைச்சி வாசனை. தோனா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அக்கா, இதுல முட்டை ரெண்டு உடைச்சு ஊத்திட்டா காலைச் சாப்பாடு முடிஞ்சுது," என்றான். நவம்பருக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன்.

இன்னொன்று. மாடியில் பழைய லேபிள் கட்டு ஒன்று கிடைத்தது. 'அதேலாரும் ஒனேசிமும், சகோதரர்கள்' என்று அச்சடித்தது, மேலே கொட்டகைப் படம். நீ ஊரைவிட்டுப் போன அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு டின்னிலும் பெயர் ஒட்டவில்லை. இருபது வருஷமும் எல்லாவற்றையும் பீப்பாயாக மொத்தவிலைக்காரனிடம் தள்ளிவிட்டார். எவர் பாகோடு எவர் பாகு கலந்ததோ. நான் மறுபடி டின்னில் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை கார்களில் வருகிறவர்களுக்கு விற்கப் பார்க்கிறேன். அப்படி விற்றால்தான் காடு நிற்கும். உன் பெயர் போட்ட லேபிளை ஒட்டலாமா?

பாலில் வெங்காயத்தைக் காய்ச்சிக் குடி, சளிக்கு நல்லது.

எமெலின்


வால்-தோர்,
23 மார்ச் 1958

அண்ணிக்கு,

வெங்காயப் பால் குடித்தேன். கூட இருக்கிறவர்கள் அறையை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் நலம் எழுதுங்கள்.

உப்புக் கொழுப்பு, தோல் இல்லாதது, கட்டைவிரல் அளவு போதும். பதத்துக்குக் கரண்டியைப் பாகில் முக்கிப் பக்கவாட்டில் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் காய வேண்டும். இரண்டு சொட்டு ஒன்று சேர்ந்து திரைபோல் தொங்கி அறுந்தால் உடனே இறக்குங்கள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள்.

லேபிளில் என் பெயரை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். கோயில் படியில் பொய்யன் என்று பேர் வாங்கியவன் பெயர் இருந்தால் டின் விற்காது. நம் ஊரில் யாரும் எதையும் மறக்க மாட்டார்கள்.

கெட்ட பாகு இருந்த பீப்பாயில் நான் குறி எழுதினேன் என்றுதான் அன்று சாதித்தேன். பிறகு பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலைந்து வருஷத்தில், எழுதாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். இங்கே வெடிமருந்துப் பெட்டிகளுக்குச் சாக்கட்டியால் குறிபோடுவது என் வேலை. ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை எழுதுகிறேன், பிறகு திரும்பி வந்து பார்க்கிறேன். "ரெண்டுவாட்டி ஒனேசிம்" என்றுதான் எனக்குப் பெயர்.

ஒனேசிம்


சேன்-குளோவிஸ்,
7 ஏப்ரல் 1958

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்புத் திருநாள் நேற்று முடிந்தது. விடியுமுன் ஓடைத் தண்ணீர் எடுத்து வைத்தேன், உனக்கும் ஒரு சின்னப் புட்டி. சளிக்கு நெஞ்சில் தடவு. நான் சுகம்.

பதம் பிடிபட்டுவிட்டது. நீ சொன்ன திரை தொங்கியபோது தோனாவின் மனைவி வாசலிலிருந்து, "எமெலின் அக்கா, உங்க பசு வேலி தாண்டிருச்சு!" என்று கத்தினாள். நான் திரும்பவில்லை. பசு பக்கத்து ஊர்வரை போய் வந்தது. பாகு வெளிர்த் தங்கமாக வந்தது.

நேற்று பதினொரு கார். பட்டாணி சூப், பாகில் வேகவைத்த முட்டை, பொரித்த கொழுப்புத்தோல், பிறகு பனிமேல் ஊற்றிய இழுபாகு. குபெக் நகரத்து அம்மாள் ஒருத்தி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணிதானே வருது, பாகு வர்ற மரம் எது?" என்று கேட்டாள். தோனா முகத்தை மாற்றாமல், "அது மலைக்கு அந்தப் பக்கம் அம்மா, பெட்டை மரம்," என்றான். அவள் நம்பி ஆறு டின் வாங்கினாள். இன்னொரு பெரியவர் லேபிளைத் தடவிப் பார்த்து, "இந்தப் படத்தை எங்கம்மா சமையல் அலமாரியில பாத்திருக்கேன். இங்க இன்னொரு பேர் இருந்துச்சே?" என்றார். நான் காபி ஊற்றப் போய்விட்டேன்.

உன் பெயரை வெட்டித்தான் ஒட்டினேன். வெட்டிய துண்டுகளை எறியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

உன் கடிதத்துக்கு நான் சரியாகப் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் கை வேறு எதையோ எழுதுகிறது. இருமலைப் பார்த்துக்கொள்.

எமெலின்


வால்-தோர்,
16 ஏப்ரல் 1958

அண்ணிக்கு,

ஓடைத் தண்ணீர் வந்தது. பாதி தடவினேன், பாதி குடித்தேன். நீங்கள் சுகமாக இருப்பதில் சந்தோஷம்.

பெட்டை மரத்தைப் படித்துச் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தேழாம் வருஷம் ஞாபகம் வந்தது. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அண்ணன் ஒரு மூலையிலிருந்து பாடுவார், நான் வேறு ராகத்தில் பாடுவேன், நீங்கள் நடுவில், "ரெண்டு பேரும் நிறுத்துங்க, பாகு திரிஞ்சிரும்!" என்பீர்கள். அப்போது உங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இங்கே வந்த பிறகு நான் பாடியதே இல்லை.

கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காடு நிற்கட்டும். இந்த வாரமே வியாபாரிக்கு எழுதிவிடுகிறேன்.

தவளை கத்த ஆரம்பித்தால் வாளிகளை எடுத்துவிடுங்கள். மொட்டு விரிந்த மரத்துச் சாறு கசக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அப்படியே கொஞ்சம் காய்ச்சிவிட்டால் தனிப் பீப்பாயில் ஊற்றிக் குறி போடுங்கள். என் மாதிரி மறந்துவிடாதீர்கள்.

ஒனேசிம்


சேன்-குளோவிஸ்,
28 ஏப்ரல் 1958

தம்பி ஒனேசிமுக்கு,

நேற்று மாலை தவளை கத்தியது. வாளிகளை எடுத்துவிட்டோம். கடைசிச் சாறு ஒரு பீப்பாய் மொட்டுப் பாகு ஆயிற்று. குறிபோடச் சாக்கட்டியைக் கையில் எடுத்தேன். எழுத முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். சுகம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே.

நீ எழுதினாய். அன்று அந்தப் பீப்பாயில் நீ எழுதினாய் தம்பி. நான் பார்த்தேன்.

உன் அண்ணன் நல்ல பீப்பாயில் 'பே' என்று ஒரே ஓர் எழுத்துப் போடுவார். நீ 'மொட்டு' என்ற சொல்லை முழுதாக எழுதினாய். நம் பிரெஞ்சுப் பேச்சில் நல்லதுக்கும் மொட்டுக்கும் முதல் எழுத்து அதே 'பே'தானே. அப்போது எனக்கு முதல் எழுத்துக்குமேல் படிக்கத் தெரியாது. ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போனேன் என்று கல்யாணத்துக்கு முன் சொல்லியிருந்தேன். போனது மூன்று குளிர்காலம், அதிலும் பாதி நாள் விறகு பொறுக்கினேன். இவ்வளவு எழுதப் பழகினது பிற்பாடு, ஞாயிறு மறைப்பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. அன்று நீளமாக எழுதியிருக்கிறதைப் பார்த்து, இது ரொம்ப நல்லது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதிலிருந்துதான் நகரத்துக்குப் போன டின்களை நிரப்பினேன்.

கசக்கிறது என்று டின்கள் திரும்பி வந்த அன்று உன் அண்ணன், "எவன்டா குறி போடாம விட்டது?" என்று கத்தினார். நான் கொட்டகைக்கு ஓடினேன். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று தெரிந்த பிறகு அந்த நீளமான சொல் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரன் முனையால் துடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இரண்டு இழுப்பு.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான். வேறொன்றும் இல்லை. நீ "எழுதினேன்" என்றாய், அவர் போய்ப் பார்த்தார், பீப்பாய்ப் பலகை சுத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படியில் எல்லார் முன்னாலும், "இவன் என் தம்பியே இல்ல, பொய்யன்!" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அடுத்த வாரம் நீ போய்விட்டாய். ஒவ்வொரு வருஷமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் சாகும்வரை சொல்லவில்லை.

காடு உன் கையில். நீ என்ன செய்தாலும் சரி.

எமெலின்


சேன்-குளோவிஸ்,
15 ஜூன் 1958

தம்பிக்கு,

சுகமா? ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மர வியாபாரி நேற்று வந்தான். கையெழுத்துப் போடுவதில்லை என்று ஏப்ரலில் எழுதியிருந்தாயாம். இப்போது, கொஞ்சம் பொறு, மறுபடி யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயாம். "உங்க கொழுந்தனார் மனசு மாறிட்டாரு அம்மா," என்று சொல்லிவிட்டுப் பெரிய பாறைப் பக்கத்து மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தான்.

வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எண்ணூறும் சரியாக இருக்கின்றன.

எமெலின்


வால்-தோர்,
17 ஆகஸ்ட் 1958

அண்ணிக்கு,

உங்களுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அண்ணனை. வியாபாரிக்கு எழுதினதும் கோபத்தில்தான்.

இருபத்தொரு வருஷம். அண்ணன் சாவுக்கு நான் வரவில்லை. எதற்காக? ரயிலடிவரை போய்த் திரும்பினேன், அது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் "நீ எழுதினாய்" என்று இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியை மட்டும் தினமும் படிக்கிறேன். நான் எழுதினேன். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன மாதத்திலிருந்து பெட்டிகளில் ஒரு தடவைதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்று வேண்டும். கடிதத்தில் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அண்ணன் அதைச் சொன்னது கோயில் படியில். நீங்களும் அங்கே சொல்லுங்கள். அதன் பிறகு வியாபாரிக்கு என்ன எழுதுவது என்று பார்க்கிறேன்.

மழையில் நனையாதீர்கள்.

ஒனேசிம்


சேன்-குளோவிஸ்,
4 நவம்பர் 1958

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கால் கொஞ்சம் வலிக்கிறது, மற்றபடி சுகம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் படியில் நிற்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களின் பூசைக்குப் பணம் சேர்க்கும் ஏலம். பூசை முடிந்து ஊரே படியில் நின்றது. பன்றித்தலை, முட்டைக்கோஸ், கம்பளிக் காலுறை, ஒரு சேவல், எல்லாம் ஏலம் போயின. அதேலாருடைய ஆன்மாவுக்கு நான் ஒரு டின் பாகு கொண்டு போயிருந்தேன். ஏலம் கூவுகிற ஓவிலாவிடம், "இதைத் தூக்குறதுக்கு முன்னால நான் கொஞ்சம் பேசணும்," என்றேன். "ஏலத்துல பேசுறதுக்கு நான் ஒருத்தன் போதாதா அக்கா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டிமேல் ஏறினதும் சிரிப்பு நின்றது.

சொன்னேன். "முப்பத்தேழுல மொட்டுப் பாகை டின்னுல ஊத்தினவ நான். ஒனேசிம் பீப்பாயில எழுதியிருந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதினதைத் துடைச்சதும் நான்தான். அதேலார் பொய் சொல்லல, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவ நான் மட்டும்." நெஞ்சில் பாடம் பண்ணி வைத்திருந்தது இன்னும் நீளம். அவ்வளவுதான் வந்தது.

காது கேளாத கிழவர் பின்னாலிருந்து, "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்றார். அவர் மகன் காதில் கையை வைத்துக் கத்தினான்: "எழுதினானாம்ப்பா! ஒனேசிம் எழுதினானாம்!" கிழவருக்குப் புரியவில்லை. இன்னும் பலமாக, "எழுதினான்! எழுதினான்!" என்றான். தம்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

பிறகு ஓவிலா டின்னைத் தூக்கினான். "அதேலார் ஆன்மாவுக்கு, அவன் தம்பி ஒனேசிம் காட்டுப் பாகு, யாரு கேக்குறா?" என்று கூவினான். பன்றித்தலையைவிட அதிகத்துக்குப் போயிற்று. தோனா எடுத்தான். எடுத்தவன் என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இத வால்-தோருக்கு அனுப்புங்க அக்கா. நான் பெட்டை மரத்துல கறந்துக்கிறேன்," என்றான்.

திரும்பி வரும்போது இரண்டு பெண்கள் என்னோடு நடக்காமல் முன்னால் போனார்கள். போகட்டும். கல்லறையில் அவரிடமும் சொன்னேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவர், கடைசியில் கேட்டார்.

அந்த டின்னை இதோடு அனுப்பியிருக்கிறேன். மேலே என் கையால் முழுச் சொல்லாக எழுதியிருக்கிறேன், வெறும் முதல் எழுத்து இல்லை. யார் உதவியும் இல்லாமல் எழுதினது.

எமெலின்


வால்-தோர்,
30 நவம்பர் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வலி நின்றதா? எழுதுங்கள்.

டின் நசுங்காமல் வந்தது. 'நல்லது' என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஓர் எழுத்து அதிகம். பரவாயில்லை, படிக்க முடிகிறது. மேசையில் எல்லாருக்கும் ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். யாரோ பாடச் சொன்னார்கள். அண்ணன் பாடுவதைப் பாடினேன், இந்தத் தடவை அவர் ராகத்திலேயே.

வியாபாரியின் தாளை வைத்து இன்று காலை அடுப்புப் பற்றவைத்தேன்.

அண்ணனின் கையுறையைக் கொட்டகையிலேயே விட்டுவையுங்கள், என் கைக்குச் சரியாக இருக்கும். மார்ச் முதல் வாரம் ரயிலேறுகிறேன். சாக்கட்டி நான் கொண்டுவருகிறேன். நீங்கள் என் பெயர்த் துண்டுகள் இருக்கும் அந்த பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்துவையுங்கள், கத்திரிக்கோலை என் கண்ணில் படாமல் ஒளித்துவையுங்கள்.

தம்பி ஒனேசிம்